பாபகூராவில் வாங்கிய சிவப்புப் படகு

அத்தான் படகு வாங்கப் போகிறார் என்று அக்கா தொலைபேசியில் சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடுத்ததாக எரிச்சல் வந்தது. அக்காவின் கணவரைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் எனக்கு இந்த ஒழுங்கில்தான் வரும். சில நாட்களில் சிரிப்பு வராமல் நேரே எரிச்சல்தான்.

"நீ ஒருக்கால் அவரோடை போய்ப் பார்," என்றாள் அக்கா. "அவருக்குப் படகைப் பற்றி ஒண்டும் தெரியாது. உனக்குத் தெரியும்."

"அவர் என்னைக் கேட்டவரோ?"

"கேட்கேல்லை. கேட்கவும் மாட்டார். நான் கேட்கிறன்."

அக்கா கேட்டு நான் மறுத்தது அரிது. ஓம் என்றேன்.

எனக்குப் படகு தெரியும் என்று அக்கா சொன்னதற்குக் காரணம் இருந்தது. நியூசிலாந்துக்கு வந்த புதிதில் மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு படகுப் பட்டறையில் மூன்று வருடம் வேலை செய்தேன். பைபர் கிளாஸ் என்கிற கண்ணாடி நார்த் துணியை விரித்து, அதன் மேல் ரெசின் என்கிற பிசினைப் பூசி, உருளையால் காற்றுக் குமிழிகளை வெளியே தள்ளுகிற வேலை. பழைய படகுகள் திருத்த வரும். அவற்றின் பின்பலகையை வெட்டி எடுத்துப் புதிதாகப் போடுவோம். எஞ்சின் முழுப்பாரமும் தொங்குவது அந்தப் பின்பலகையில்தான். வெளியே பைபர் கிளாஸ், உள்ளே மரம். ஒரு ஆணித் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் போதும், வெளியே பளபளப்பாக இருக்க உள்ளே மரம் உக்கிப் போகும். எத்தனை பின்பலகைகளை வெட்டினேன் என்று கணக்கில்லை. அந்த மூன்று வருடத்தில் என் முன்னங்கைகள் சொறிந்து சொறிந்து சிவந்தே இருந்தன.

அப்போது நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். கண்ணாடித் தூள் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அத்தான் சொன்னார். அதில் பிழையில்லை. கராஜில் உடுப்பை மாற்றிக்கொண்டுதான் உள்ளே போவேன். ஆனால் விருந்தினர் வந்தால் அவர் அதை ஒரு பகிடியாகச் சொல்லுவார். "எங்கட பிள்ளை பிளாஸ்டிக் வாளி செய்யிற இடத்திலை நிக்குறா," என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிக்க வேண்டும்.

எனக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தபோது மாப்பிள்ளை வீட்டாரிடம் நான் ஒரு அலுவலகத்தில் வேலை செய்வதாகச் சொன்னவரும் அவர்தான். என்னிடம் கேட்காமல் சொன்னார். பிறகு அவர்கள் எப்படியோ அறிந்துகொண்டார்கள். பொய் சொன்ன வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று விட்டுவிட்டார்கள். அத்தான் அதற்கும் என் வேலையைத்தான் குறை சொன்னார். "உப்பிடி ஒரு வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால் நான் ஏன் பொய் சொல்லப் போறன்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் கலியாணம் செய்யவில்லை. அதற்கு அவர்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வியை நான் மறக்கவுமில்லை. இப்போது எல்லர்ஸ்லியில் ஒரு அலுவலகத்தில் வேலை. அவர் அன்றைக்குச் சொன்ன பொய் பிந்தி உண்மையாகிவிட்டது என்று அவரே ஒருமுறை சொல்லிச் சிரித்தார்.

சரி, படகுக்கு வருகிறேன்.

அத்தானுக்கு மீன்பிடி ஆசை வந்தது யூடியூபில். வேலை முடிந்து வந்து கதிரையில் சாய்ந்துகொண்டு அமெரிக்கர்கள் ஏரிகளில் பாஸ் என்கிற மீன் பிடிப்பதைப் பார்ப்பார். அவர்களுடைய படகுகள் வேறு மாதிரி. பக்கங்கள் பதிவாக, முழங்கால் உயரத்தில், மேல்தளம் மேசை போலத் தட்டையாக, அதன் மேல் கம்பளம் விரித்து, சுழலும் உயரமான இரண்டு கதிரைகள், பிடித்த மீனை உயிரோடு விடத் தண்ணீர்த் தொட்டி, உடம்பெல்லாம் மினுங்கும் பூச்சு. அந்த மீன் நியூசிலாந்தில் இல்லவே இல்லை. இங்கே ஏரிகளில் ட்ரவுட்தான் பிடிப்பார்கள். அதை நான் சொன்னபோது அத்தான், "மீனுக்குத் தெரியுமோ என்ன படகு எண்டு?" என்றார். அவருடன் வேலை செய்யும் ஒருவர் ஒருமுறை அவரை ரொட்டோருவாப் பக்கத்து ஏரி ஒன்றுக்குக் கூட்டிப்போயிருந்தார். அன்றைக்கு அவருக்கு இரண்டு ட்ரவுட் கிடைத்தன. அந்த இரண்டு மீனின் படமும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பதினோரு கோணங்களில் வந்தது.

முதலாவது சனிக்கிழமை நாங்கள் பார்த்தது ஒரு அலுமினியப் படகு. மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு வீட்டின் பின்பக்கம், ஒரு கிழவரும் அவருடைய மனைவியும் விற்றார்கள். பழையது, சாம்பல் நிறம், அழகு ஒன்றும் இல்லை. நான் கீழே படுத்து ஒட்டுக்களைப் பார்த்தேன். ஒன்றிலும் வெடிப்பில்லை. படகை ஏற்றி இழுக்கும் ட்ரெய்லரின் சில்லுகள் சத்தமில்லாமல் சுழன்றன. பக்கங்கள் உயரம், ஏரியில் காற்று எழும்பினாலும் தண்ணீர் உள்ளே வராது. நல்ல படகு என்று அத்தானிடம் தமிழில் சொன்னேன்.

அவர் அந்தக் கிழவரைப் பார்த்து ஆங்கிலத்தில், "இவ முந்தி ஒரு படகுத் தொழிற்சாலையில் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தவ. அதனால் தன்னை ஒரு நிபுணர் என்று நினைக்கிறா," என்றார்.

கிழவர் சிரிக்கவில்லை. அவருடைய மனைவி என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். அத்தான் படகின் பக்கத்தைக் காலால் மெல்லத் தட்டி, "இது கறிச்சட்டி மாதிரிக் கிடக்கு," என்று தமிழில் சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தார்.

காருக்குள் நான் கேட்டேன். "நான் அங்கை கூட்டித் துடைச்சனானோ?"

"ஒரு கதைக்குச் சொன்னனான். உமக்கு எல்லாத்துக்கும் ரோஷம்."

"கதைக்கெண்டாலும் என்னைப் பற்றிப் பொய் சொல்லாதேங்கோ."

"பிள்ளை, இஞ்சை பாரும்," என்று அவர் காரை ஓட்டிக்கொண்டே சொன்னார். "நீர் விற்கிறவனுக்கு முன்னாலை நல்லது நல்லது எண்டால் அவன் விலையைக் குறைப்பானோ? அடுத்த இடத்திலை நீர் வாயைத் திறக்க வேண்டாம். நான் கதைக்கிறன். நீர் சும்மா நில்லும்."

"அப்ப நான் என்னத்துக்கு வாறன்?"

"உம்மட அக்காவின்ரை ஆறுதலுக்கு."

அவர் வானொலியைப் போட்டார்.

இரண்டாவது சனிக்கிழமை பாபகூராவுக்குப் போனோம். கடைத் தெருவுக்குப் பின்னால், ரயில் போகும் சத்தம் கேட்கிற ஒரு வீதி. வீட்டு முற்றத்தில் அந்தப் படகு நின்றது. கடுஞ்சிவப்பு, மினுங்கும் தூள் கலந்த பூச்சு, இரண்டு உயரக் கதிரைகள், தண்ணீர்த் தொட்டி, முன்னால் ஒரு சின்ன மின் மோட்டார், பின்னால் கறுப்பு நிறத்தில் பெரிய எஞ்சின். யாரோ ஒரு அமெரிக்கர் இங்கே வேலைக்கு வந்தபோது கொண்டுவந்து, திரும்பிப் போகும்போது விட்டுப் போனதாம். அத்தான் காரின் கதவைச் சாத்தாமலேயே இறங்கிப் போனார். யூடியூபில் இருந்து நேரே இறங்கி வந்தது போலத்தான் அது நின்றது.

விற்கிறவர் அறுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரர். கையில் தேத்தண்ணிக் கோப்பை. நல்ல மாதிரியாகத்தான் கதைத்தார். எஞ்சினைப் பற்றி அத்தான் கேட்க, அதன் கடதாசிகளைக் காட்டினார். ட்ரெய்லர் வீதியில் ஓடத் தகுதியானது என்கிற வாரண்ட் புதிது. அத்தான் கதிரையில் ஏறி உட்கார்ந்து ஒருமுறை சுழன்று பார்த்தார். ஐம்பத்தெட்டு வயது மனிதர். அவருடைய முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நான் பின்பக்கம் போனேன். சொல்லிவைத்தாற்போல் கால்கள் அங்கேதான் போயின.

பின்பலகையில் எஞ்சினைப் பிடித்திருக்கும் ஆணிகளைச் சுற்றிப் புது வெள்ளைப் பசை பூசியிருந்தது. ஒரு மூலையில் சிவப்பு மற்றச் சிவப்போடு ஒத்துவரவில்லை. பிந்திப் பூசிய சிவப்பு. அதற்குக் கீழே மயிர் போல ஒரு கீறல். எஞ்சினின் கீழ்ப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல மேலே தூக்கி விட்டேன். பின்பலகையின் மேல்விளிம்பு அதோடு சேர்ந்து அசைந்தது. அசையக் கூடாது. கைப்பையில் இருந்து கார்ச் சாவியை எடுத்து அதன் தடித்த பக்கத்தால் படகின் பக்கத்தில் தட்டினேன். இறுக்கமான சத்தம். பின்பலகையில் தட்டினேன். நனைந்த தலையணையில் தட்டினது போல அமுங்கின சத்தம். நிச்சயப்படுத்த இன்னொருமுறை தட்டினேன்.

நிமிர்ந்தபோது விற்கிறவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோப்பை வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது. என் காதில் விழுந்த சத்தம் என்னவென்று அவருக்கும் தெரியும். எனக்குத் தெரிந்துவிட்டது என்பதும் அவருக்குத் தெரியும்.

"உங்களுக்குத் திருப்திதானே?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் கதிரையில் இருந்தபடி என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். வாயைத் திறக்காதே என்கிற பார்வை.

"வாங்குகிறவர் அவர்தான்," என்றேன்.

விற்கிறவர் மேலும் ஒன்றும் கேட்கவில்லை. அத்தான் விலையைக் குறைக்கக் கேட்டபோது உடனே குறைத்தார். அவ்வளவு சுலபமாகக் குறைத்ததில் அத்தானுக்குப் பெருமை. காரில் ஏறியதும், "பார்த்தீரோ? நீர் சும்மா நிண்டதாலை எவ்வளவு குறைஞ்சது எண்டு," என்றார்.

"ஓம்," என்றேன். அவர் சொன்ன சொல்லை அப்படியே காப்பாற்றினேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அன்று முழுவதும் எனக்கு நல்ல உற்சாகமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். வீட்டில் நல்லதாகச் சமைத்துச் சாப்பிட்டேன்.

படகு அக்கா வீட்டு முற்றத்தில் எட்டுக் கிழமை நின்றது. ஏரியில் மீன்பிடி தொடங்க நாள் இருந்தது. அத்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைக் கழுவித் துடைத்தார். ஆட்கள் வந்து பார்த்தார்கள். யாராவது என்னிடம், "நீங்களும் போய்ப் பார்த்து வாங்கினதாமே," என்றால், "நான் சும்மா நிண்டனான்," என்பேன். அதைச் சொல்லும்போது ஒரு இனிப்பு இருந்தது. எஞ்சின் கழன்று ஏரியில் விழும், அவர் கரையில் வெட்கப்பட்டு நிற்பார் என்று நினைத்துக்கொள்வேன். என் கற்பனையில் அவர் எப்போதும் கரையில்தான் நின்றார். படகுக்குள் இருந்ததேயில்லை. அப்படி வசதியாக ஒதுக்கி வைத்திருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை அக்கா தொலைபேசி எடுத்தாள்.

"வாற சனி விட்டு அடுத்த சனி படகை முதல் தரம் ஏரியிலை இறக்கிறார். நானும் போறன்."

"நீங்கள் என்னத்துக்கு?"

"எனக்கும் மீன்பிடி லைசென்ஸ் எடுத்துத் தந்திருக்கிறார். எனக்கெண்டு ஒரு உயிர்காப்பு மேலங்கியும் வாங்கியிருக்கிறார், மஞ்சள் நிறம். இத்தினை வருசத்திலை இந்த மனுசன் என்னை எங்கையாவது கூட்டிக்கொண்டு போனவரே?"

அக்காவுக்கு நீந்தத் தெரியாது. குளியல் தொட்டியில் கூடக் கழுத்துவரை தண்ணீர் விடமாட்டாள். அந்த ஏரி ஆழம், குளிர். அந்தப் படகின் பக்கங்களோ முழங்கால் உயரம். பாரமான எஞ்சின் முழுவேகத்தில் தள்ள, அந்தப் பின்பலகை எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியும். அதை நான் வெட்டி எடுத்துக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அத்தான் முற்றத்தில் தூண்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் கதிரையில் இருந்தாள்.

"அத்தான், இந்தப் பின்பலகை உக்கிப்போச்சு. இதைத் தண்ணியிலை இறக்கக் கூடாது," என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. சிரித்தார்.

"நான் எப்ப சொல்லுவீர் எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான். வாங்கின நாள் தொடக்கம் உமக்குக் கண்ணுக்குள்ளை குத்திக்கொண்டிருக்கு."

"பொறாமையிலை சொல்லேல்லை. தட்டிப் பாருங்கோ."

அவர் எழும்பி வந்து மடக்கிய விரல் முட்டியால் தட்டினார். "நல்லாத்தானே கிடக்கு." அந்தச் சத்தத்தில் ஒரு வித்தியாசமும் அவருக்குக் கேட்கவில்லை. கேட்கப் பழகாத காது.

"ஒரு சின்ன ஓட்டை போட்டுப் பார்ப்பம். மரம் நல்லதெண்டால் நானே அடைச்சுத் தாறன்."

"என்ரை படகிலை நீர் ஓட்டை போடுறதோ? விசரோ உமக்கு?"

"அக்கா, நீங்கள் சொல்லுங்கோ."

அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்கள் ரெண்டு பேரும் சண்டை பிடிக்கிறதுக்கு இந்தப் படகையும் விடமாட்டியளோ?" என்றாள். "ஒரு நாள். ஒரு நாள் நான் சந்தோசமாப் போகலாமெண்டு பார்த்தன்."

அத்தான் தன் நண்பர் ஒருவரிடம் கேட்டுச் சொல்வதாகத் தொலைபேசியை எடுக்க உள்ளே போனார். அவர் போனதும் நான் என் காரைத் திறந்து, கொண்டுவந்திருந்த மின் துளைப்பானை எடுத்தேன். அக்கா, "என்ன செய்யிறாய்? வையடி அதை," என்றபடி எழும்பினாள். நான் எஞ்சினுக்குக் கீழே, தண்ணீர் தேங்கும் இடம் பார்த்து, ஊசியை வைத்து அழுத்தினேன். பைபர் கிளாஸில் மட்டும் கொஞ்சம் மறித்தது. பிறகு வெண்ணெய்க்குள் போவது போல உள்ளே போய்விட்டது. நல்ல மரம் என்றால் வெள்ளைச் சீவல் வரும். வெளியே வந்தது கறுப்பு. ஊறின தேயிலைச் சக்கை போல ஊசியில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஊசியை இழுத்ததும் துளையில் இருந்து கறுப்புத் தண்ணீர் வழிந்து, சிவப்புப் பூச்சின் மேல் கோடாக இறங்கி, முற்றத்துச் சீமெந்தில் சொட்டியது. நாற்றம் வந்தது. நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

அத்தான் தொலைபேசியைக் காதில் வைத்தபடி வாசலில் நின்றார். கிட்ட வந்து, குனிந்து, அந்தக் கறுப்பு மரத் தூளை இரண்டு விரலால் நசித்துப் பார்த்தார்.

"உமக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டார்.

"போன கிழமைதான் ஒரு ஐமிச்சம் வந்தது. நீங்கள் கழுவிக்கொண்டு நிற்கேக்கை பார்த்தனான்," என்றேன். யோசிக்காமலே வந்த பொய். நல்ல தெளிவாக வந்தது.

அக்கா என் கையைப் பிடித்தாள். "நல்ல வேளை," என்றாள். அத்தான் நன்றி சொல்லவில்லை. எனக்கு அது வேண்டியும் இருக்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்ததே எனக்குப் போதுமாக இருந்தது. நான் தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த நாள் அவர் பாபகூராவுக்குப் போனார். விற்றவரிடம் சண்டை பிடிக்கத்தான் போனார். அங்கே நடந்தது எனக்குத் திங்கட்கிழமை தெரிந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் அக்கா எல்லர்ஸ்லிக்கு வந்து, என் அலுவலகத்தின் கார் நிறுத்துமிடத்தில் நின்று என்னை அழைத்தாள். அவள் ஒருநாளும் அங்கே வந்ததில்லை. நான் இறங்கிப் போய்க் காரில் அவளுக்குப் பக்கத்தில் ஏறினேன். அவள் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு முன்னாலேயே பார்த்தாள்.

"படகு வித்த மனுசன் சொன்னதாம், உங்கட மைத்துனி ரெண்டு தரம் தட்டிப் பார்த்தவ எண்டு. பார்த்திட்டுச் சும்மா நிண்டவவாம். தெரிஞ்சுதான் வாங்குறியள் எண்டு நினைச்சுத்தான் விலையைக் குறைச்சனான் எண்டு சொல்லியிருக்கிறான்."

நான் கார்க் கதவின் கண்ணாடியை ஏற்றி மூடினேன்.

"உண்மையோ?"

"ஓம்."

"அப்ப பாபகூராவிலையே தெரியும்."

"ஓம். அவர் என்னை வாய் திறக்க வேண்டாமெண்டவர் அக்கா. அந்தக் கிழவருக்கு முன்னாலை என்னைக் கூட்டித் துடைக்கிறவள் எண்டவர்."

"அவர் சொன்னது பிழை," என்றாள் அக்கா. "அதை நான் அவரோடை கதைச்சிட்டன். இப்ப உன்னோடை கதைக்கிறன்."

பக்கத்துக் கட்டடத்தில் இருந்து ஆட்கள் சாப்பாட்டுப் பெட்டிகளோடு போய்க்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் காருக்குள் என்னைக் கண்டு கையசைத்தாள். நானும் கையை உயர்த்தினேன்.

"நானும் போறன் எண்டு சொன்னதுக்குப் பிறகுதான் நீ வந்து சொன்னனீ," என்றாள் அக்கா.

"ஓம்."

"நான் போகேல்லை எண்டால்? அவர் தனியப் போயிருந்தால் சொல்லியிருப்பியோ?"

சொல்லியிருப்பேன் என்று சொல்ல ஒரு நொடிதான் வேண்டும். சனிக்கிழமை அத்தானுக்குச் சொன்ன பொய் போல இதுவும் வந்திருக்கலாம். வரவில்லை. எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. கடைசி நேரத்தில் சொல்லியிருப்பேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்க விரும்புகிறேன். ஆனால் அந்த எட்டுக் கிழமையில் ஒருநாளாவது சொல்ல வேண்டுமென்று எனக்குத் தோன்றியதில்லை. அதையும் நான் அறிவேன்.

நான் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தேனோ, அதுவே அக்காவுக்குப் பதிலாகப் போய்விட்டது.

"அவர் என்ரை மனுசனடி," என்றாள். அழவில்லை. குரலை உயர்த்தவுமில்லை. "உனக்கு அவரைப் பிடிக்காது. எனக்குத் தெரியும். எனக்கே கனநாள் பிடிக்காது. ஆனா அவர் செத்தாலும் பரவாயில்லை எண்டு நினைக்கிற ஆள் நீ எண்டு எனக்குத் தெரியாது."

"அப்பிடி நினைக்கேல்லை அக்கா. எஞ்சின் கழண்டு விழும், வெட்கப்படுவார் எண்டுதான்..."

"எஞ்சின் கழண்டால் படகிலை ஓட்டை. உனக்குத்தானே படகு தெரியும்."

அவள் காரை இயக்கினாள். இறங்கு என்று சொல்லவில்லை. நானாகத்தான் இறங்கினேன். மத்தியானத்துக்குப் பிறகு நான் அலுவலகத்தில் என்ன செய்தேன் என்று நினைவில்லை. ஒரு கடிதத்தை மூன்று பேருக்கு அனுப்ப வேண்டியதை ஒருவருக்கும் அனுப்பாமல் விட்டதாக அடுத்த நாள் சொன்னார்கள்.

இரண்டு கிழமை கழித்து அத்தானிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அக்கா கேட்கச் சொல்லவில்லை. அவள் என் அழைப்புகளையே எடுக்கவில்லை. அத்தான் படகை ஒரு திருத்துமிடத்தில் கொடுத்திருப்பதாக வேறொருவர் சொல்ல அங்கே போனேன். பின்பலகையை முழுவதுமாக வெட்டி எடுத்திருந்தார்கள். பின்பக்கம் திறந்தபடி படகு நின்றது. வெட்டிய மரம் கறுப்புக் குவியலாகப் பக்கத்தில் கிடந்தது. ரெசின் மணம் பட்டதும் எனக்கு முன்னங்கை கடிக்கத் தொடங்கியது.

"நான் சொல்லாமல் விட்டது பிழை, அத்தான்," என்றேன். "அதுக்கு மன்னிப்புக் கேட்கத்தான் வந்தனான்."

அவர் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உம்மை வாயைத் திறக்க வேண்டாமெண்டு சொன்னது நான்தான்," என்றார். "அதுக்கு என்னிட்டை மன்னிப்பை எதிர்பார்க்க வேண்டாம். நீர் கதைச்சிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டன். அந்தப் படகைத்தான் வாங்கியிருப்பன்."

"அப்ப ஏன் கோபம்?"

"நீர் சொல்லியும் வாங்கியிருந்தால் நான் முட்டாள். சொல்லாததாலை நீர் வேறை ஏதோ. அது என்னெண்டு எனக்குச் சொல்லத் தெரியேல்லை." பிறகு சொன்னார், "வீட்டுக்கு வாரும், அக்காவைப் பாரும், நான் தடுக்கேல்லை. ஆனா நீர் தாற தேத்தண்ணியை இனி நான் குடிக்க மாட்டன்."

அந்தக் கடைசி வசனம் என்னைக் கொதிக்க வைத்தது. நான் நஞ்சு வைக்கிறவள் என்கிற மாதிரி. மன்னிப்புக் கேட்க வந்தவள் என்பதை மறந்து, "நான் ஓட்டை போட்டதுக்கு ஒருநாளும் வருத்தப்பட மாட்டன்," என்றேன். "அண்டைக்கு உங்கட முகத்தைப் பார்க்க நல்லா இருந்தது."

"தெரியும்," என்றார் அவர். "நானும் உம்மட முகத்தைப் பார்த்தனான்."

அங்கே வேலை செய்துகொண்டிருந்த பெண் முகமூடியை இறக்கிவிட்டு, ஏதாவது வேண்டுமா என்று எங்களைக் கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். நான் திரும்பி நடந்தேன்.

படகு திருத்தி முடிந்து, அத்தான் இப்போது மாதத்தில் இரண்டு தரம் ஏரிக்குப் போகிறார். தனியாகத்தான் போகிறார். அக்கா அதில் ஏறவில்லை. அந்த மஞ்சள் மேலங்கியை யாருக்கோ கொடுத்துவிட்டாளாம். கோவிலில் அக்காவைக் காணும்போது, எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறாள். சுகம் என்கிறேன். சாப்பிட்டியோ என்கிறாள். ஓம் என்கிறேன். முன்பெல்லாம் அவள் அன்னதான வரிசையில் எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள். இப்போது அவளுக்கு முன்னாலும் பின்னாலும் ஆட்கள் நிற்கிறார்கள். நான் வரிசையின் கடைசிக்குப் போய் நிற்கிறேன்.